மைனா பிடிக்கப் போகும் மருமகனுக்கு

கான்பெரா,
ஏப்ரல் மாதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய கூண்டுப் படம் பார்த்தேன். கம்பிவலை நன்றாகத்தான் இருக்கிறது. கீழ்ப்பக்கத்துக் கதவு மட்டும் சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடற்கரை ஊருக்கு மைனா வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, தெருக்காரர்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்கிறார்கள், பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே, "இது பாவம் இல்லையா அத்தை?" என்றும் கேட்டிருந்தாய். ஃபோனில் பேசினால் உன் அம்மா நடுவில் வாங்கி, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

பாவத்தை முதலில் பேசிவிடுவோம். கொலை கொலைதான். கவுன்சில் தரும் தாளில் 'அகற்றுதல்', 'எண்ணிக்கையைக் குறைத்தல்' என்றெல்லாம் போட்டிருக்கும். கூண்டுக்குள் கையை விட்டால் உள்ளங்கையில் துடிப்பது ஒரு பறவையின் நெஞ்சு. அதை உன்னிடம் மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பறவை ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1862இல் மெல்பர்ன் காய்கறித் தோட்டங்களில் பூச்சி பிடிக்கட்டும் என்று மனிதர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1883இல் வட குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களில் கொண்டுபோய் விட்டார்கள். கான்பெராவுக்குக்கூட அது தானாகப் பறந்து வரவில்லை. 1968இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்டதுதான்.

அப்புறம் எதற்குப் பிடிப்பது? பதில் மரப்பொந்தில் இருக்கிறது.

நம் ஊரில் மரங்கொத்தி உண்டு, குக்குறுவான் உண்டு. அவை பொந்து குடைந்து, குஞ்சு பொரித்து, விட்டுவிட்டுப் போகும். காலியான பொந்துக்குக் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் அடித்துக்கொள்ளும். தோற்றவருக்கு இன்னொரு மரத்தில் இன்னொன்று கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. கொத்தனார் இல்லாத ஊர் என்று வைத்துக்கொள். கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, தீ சுட்டு, ஒரு யூகலிப்டஸில் பறவை குடியிருக்கும் அளவுக்குப் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். கான்பெராவுக்கே வயது நூற்றுச் சொச்சம்தான். நகரத்துக்காக நட்ட மரங்களில் பொந்து இனிமேல்தான் விழ வேண்டும். அதற்கு முன்பிருந்தே நிற்கும் கிழட்டு மரங்களையோ, கிளை யார் தலையிலாவது விழும் என்று வெட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த நாட்டில் பொந்தை நம்பி வாழும் முதுகெலும்புள்ள இனங்கள் மட்டும் 300க்கு மேல். இத்தனை பேருக்கும் இருப்பதோ கொஞ்சம் பொந்து. அந்தக் கொஞ்சத்துக்கும் மைனா போட்டிக்கு வருகிறது.

எங்கள் தெருமுனையில் அப்படி ஒரு பழைய மரம் நிற்கிறது. செப்டம்பரில் ஒரு ஜோடி சிவப்பு ரொசெல்லா அதன் பொந்தில் தலையை விட்டுப் பார்க்கும். ரொசெல்லா கூடு கட்டாது. உள்ளே கிடக்கும் மரத்தூளிலேயே முட்டையிடும். மைனா அப்படியல்ல. குச்சி, காய்ந்த புல், சிப்ஸ் பாக்கெட், நைலான் நூல், கடை ரசீது என்று எது கிடைத்தாலும் கொண்டுவந்து வாய்வரை திணிக்கும். ஒன்றை நிரப்பியதோடு நிற்காது, பக்கத்துப் பொந்தையும் நிரப்பி வைக்கும். குஞ்சு பொரிப்பதோ ஒன்றில்தான். ரொசெல்லா திரும்பி வந்தால் ஒரு மைனா வாசலில் நின்று கொத்தும், இன்னொன்று குச்சியோடு பின்னாலேயே வந்து நிற்கும். ரொசெல்லா எதிர்க்கிளையில் உட்கார்ந்து இரண்டு குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த வருஷம் அதற்குக் குஞ்சு இல்லை.

இதைப் பார்த்துக் கோபம் வரும். கோபம் வந்தவுடன் கூண்டு வைத்தால் கோபம் தீரும், ரொசெல்லாவுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியாது. நீ குழுவை நடத்தப்போகிறவன். உனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கான்பெராவில் மைனாவுக்கென்றே ஒரு நடவடிக்கைக் குழு 2006இல் தொடங்கியது. பில் ஹாண்ட்கே அதை முன்னின்று நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏபிசி தொலைக்காட்சியின் வாக்கெடுப்பில், நாட்டின் மோசமான தொல்லை உயிர் என்று மக்கள் மைனாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கரும்புத் தேரையைக்கூட அது முந்திவிட்டது. ஆகவே ஆள் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் டைட்மன் மைனாவுக்கென்று கூண்டு வடிவமைத்துக் காட்டியிருந்தார். குழு, கொல்லையில் வைக்கிற மாதிரி சின்னக் கூண்டுகளைப் பரப்பியது. ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் பிடித்தார்கள். பல்லாயிரம் மைனா போனது. நகரத்தில் அதிகம் தென்படும் பறவைகளில் மூன்றாம் இடத்திலிருந்து மைனா வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது என்று குழு பெருமையோடு சொல்லும்.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் இதே ஊரில் கேட் கிராரக் என்ற பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். அதைத்தான் நீ படிக்க வேண்டும். 2012இல் வெளிவந்த ஆய்வில், 29 வருஷப் பறவைக் கணக்கை எடுத்துக்கொண்டு, மைனா வந்து சேர்ந்த இடங்களில் மற்றப் பறவைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். பொந்தில் வாழும் மூன்று இனங்கள், அதாவது வெள்ளைக் காக்கட்டூ, சிவப்பு ரொசெல்லா, கூக்கபரா, மற்றும் எட்டுச் சிறு பறவை இனங்கள், மைனா காலூன்றிய பிறகு சரிந்திருந்தன. ஆக மைனாவால் பாதிப்பு என்பது வெறும் அக்கம்பக்கத்துப் பேச்சு இல்லை. ஆனால் 2014இல் அதே ஆராய்ச்சியாளர், மக்கள் பிடித்ததால் மைனா குறைந்ததா என்று பார்த்தபோது விடை அவ்வளவு நேராக வரவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் அளவில் பார்த்தால், அதிகம் பிடித்த இடத்தில் குறைந்தது தெரிந்தது. பரப்பைப் பெரிதாக்கினால் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை.

ஏன் என்று யோசித்துப் பார். பத்து மைனாவைப் பிடித்தால் மிச்சம் இருப்பவற்றுக்குச் சாப்பாடும் பொந்தும் தாராளம். அவை கூடுதலாகக் குஞ்சு பொரிக்கும். பிடித்ததில் சில எப்படியும் குளிர்காலம் தாண்டியிருக்காது. பக்கத்துப் பேட்டையிலிருந்து புதிதாக வந்து இறங்குபவை வேறு. ஊர் முழுக்க ஆளுக்கு நாலு என்று பிடிப்பது, மைனாவின் பிறப்புக் கணக்கில் ஒரு கீறல்கூடப் போடாமல் போகலாம். ஆகவே என் முதல் யோசனை: ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடம், பூங்கா, பழைய மரங்கள் நிற்கும் ஓடைக்கரை, இப்படி ஒரு சின்ன வட்டத்தை எடுத்துக்கொண்டு அதில் விடாமல் வேலை செய். உங்கள் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மைனா இப்போதுதான் வந்திருக்கிறது. கான்பெரா குழு தொடங்கும்போது இங்கே மைனா வந்து நாற்பது வருஷம் நெருங்கிவிட்டது.

முற்றாக ஒழித்துவிடுவோம் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. சேஷெல்ஸில் தெனி என்ற தீவு இருக்கிறது, சுற்றிலும் கடல், ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட வராது. அங்கே மைனாவை ஒழித்து முடிக்க வருஷக்கணக்கில் ஆகி 2015இல்தான் முடிந்தது. கூண்டுக்கு ஏமாறாத கடைசிப் பறவைகளைத் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. உங்கள் ஊரைச் சுற்றிக் கடல் ஒரு பக்கம்தான். மற்ற மூன்று பக்கமும் நெடுஞ்சாலையும் பெட்ரோல் பங்கும் பர்கர் கடையும். மைனா வரும் வழியே அதுதான்.

அடுத்தது எண்ணிக்கை. கூண்டு வைப்பதற்கு முன்னாலேயே எண்ண ஆரம்பி. இங்கே பறவை ஆர்வலர் சங்கம் 1981லிருந்து தோட்டப் பறவைக் கணக்கு எடுத்துவருகிறது. கிராரக் பயன்படுத்தியதும் அந்தக் கணக்கைத்தான். முறை சுலபம். உன் வீட்டை நடுவில் வைத்து நூறு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், 3.1 ஹெக்டேர் வரும். வாரம் முழுக்க அதற்குள் எந்தப் பறவையை ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பார்த்தாயோ அதை மட்டும் எழுது. திங்கள் மூன்று, செவ்வாய் ஐந்து, புதன் நாலு என்றால் கூட்டிப் பன்னிரண்டு போடக் கூடாது, ஐந்துதான். இதில் சறுக்குபவர்கள் நிறைய. மைனாவை மட்டும் எண்ணாதே. ரொசெல்லா, கூக்கபரா, புதரில் திரியும் குட்டிப் பறவைகள் எல்லாம் வேண்டும். அவை கூடவில்லை என்றால் நீ எத்தனை மைனாவைப் பிடித்தாலும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். கூண்டு வைக்காத இன்னொரு பேட்டையிலும் யாரையாவது எண்ணச் சொல். ஒப்பிட ஒன்று வேண்டாமா?

குழுக் கூட்டங்களில் இந்த மாதம் எத்தனை பிடித்தோம் என்று பலகையில் எழுதிக் கைதட்டுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. பிணக்கணக்கில் பந்தயம் ஏறிவிட்டால், மைனா நிறைய இருக்கிற, சுலபமாக விழுகிற இடத்துக்கே எல்லாரும் ஓடுவார்கள். பொந்து மரம் நிற்கிற ஓடைக்கரையில் ஆள் இருக்காது.

கூண்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. நீ எடுத்திருப்பது இரண்டு அறைக் கூண்டு. கீழறையில் நாய்த் தீனி உருண்டை போட்டு வைத்தால், மைனா நடந்து உள்ளே வரும். அது நடக்கப் பிறந்த பறவை. தின்றுவிட்டு வெளிச்சம் தெரியும் பக்கம் ஏறினால், ஒருவழிப் பாதை வழியாக மேலறைக்குப் போய்விடும், திரும்ப முடியாது. முதல் சில நாள் பாதையை அடைக்காமல் தீனி மட்டும் வை. கூச்சம் போகட்டும். மேலறையில் நிழல், தண்ணீர், உட்காரக் குச்சி எப்போதும் இருக்க வேண்டும். உன் கூண்டில் கீழறைக் கதவு ஆணி அடித்து மூடியிருக்கிறது. மாக்பை, மாக்பை-லார்க் எல்லாம் நாய்த் தீனிக்கு வந்து மாட்டும். அவை உள்நாட்டுப் பறவைகள். அந்த நிமிஷமே திறந்து விட வேண்டும், அதற்கு அங்கே ஒரு கதவு திறந்தாக வேண்டும். ஒரு நாளில் பலமுறை கூண்டைப் பார்க்க முடியாதவர் யாருக்கும் கூண்டு கொடுக்காதே. வார இறுதிக்கு வெளியூர் போகிறவர் கூண்டை மடித்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பிடித்ததை எடுப்பது இருட்டிய பிறகு, துணி போட்டு மூடி. இது நாகரிகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா கிரிஃபின் மைனாவை வைத்தே சோதித்துப் பார்த்தார். தன் இனத்துப் பறவை ஒன்று பிடிபடுவதைப் பார்த்த மைனா, அதற்குப் பிறகு அந்த இடத்திலேயே உஷாராகிவிடுகிறது. பகலில் நாலு மைனா கம்பியில் உட்கார்ந்து பார்க்க நீ ஐந்தாவதைக் கையில் பிடித்து எடுத்தால், அந்த நாலுக்கும் நீயே பாடம் நடத்தியதாகும்.

கொல்லும் முறை: அதில் பரிசோதனை வேண்டாம். உங்கள் கவுன்சிலும் கால்நடை மருத்துவரும் ஒப்புக்கொண்ட வாயு முறையைப் பயிற்சி எடுத்தவரிடம் கற்றுக்கொள், அல்லது அந்த வேலையை அவர்களிடமே விடு. தண்ணீரில் முக்குவது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் சித்திரவதை. மிருகவதைச் சட்டம் மைனாவுக்கும் உண்டு. சின்னப் பையன்களை இந்த வேலையில் சேர்க்காதே. உனக்கே மனம் ஒப்பவில்லை என்றாலும் விலகிப்போக வேண்டியதில்லை. கூண்டு செய்யலாம், எண்ணலாம், ஓட்டை அடைக்கலாம். என் கையால் நான் ஒரு மைனாவையும் கொன்றதில்லை. எண்ணுவது என் வேலை, அதுவே போதுமான அளவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது.

ஓட்டை அடைப்பதைச் சாதாரணமாக நினைக்காதே. கூரையோரத்து ஓட்டை, ஏசி குழாய் நுழையும் துவாரம், பழைய கொட்டகைச் சந்து எல்லாம் மைனாவுக்கு வீடு. குஞ்சு இல்லாத மாதத்தில் அடைத்துவிட வேண்டும். நாய்க்கு வைக்கும் தட்டு, கோழித் தீனி, பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டி, மூடியில்லாத உணவகத் தொட்டி இவையெல்லாம் அதற்கு மூன்று வேளைச் சாப்பாடு. இதற்குக் கத்தியும் வேண்டாம் வாயுவும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் முகம் கோணாமல் பேசத் தெரிந்தால் போதும். கிராரக்கின் இன்னொரு ஆய்வில் கூடுப்பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். மரம் அடர்ந்த இடத்துப் பெட்டிகளில் ரொசெல்லா அதிகம் குடியேறியது, மரம் குறைந்த இடத்துப் பெட்டிகளில் மைனா. புல்வெளியும் நாலு மரமுமாக ஊரை மாற்றி வைத்தது நாம். அந்தப் புல்வெளியை அப்படியே விட்டுவிட்டு மைனாவை மட்டும் பிடித்தால் இன்னொரு மைனா வரும். ஆகவே கவுன்சிலிடம் கூண்டுக்குப் பணம் கேட்கும்போதே புதர்ச்செடிக்கும் கேள். கிழட்டு மரத்தை வெட்ட வந்தால் போய் நில்.

ஆள் மாறாட்டம் ஒன்று நடக்கும், எச்சரிக்கை. சாம்பல் உடம்பும் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டுமாக ஒரு பறவை கூட்டமாகக் கத்தும். அது நாய்ஸி மைனர், இந்த மண்ணின் தேன்குடிப் பறவை, பாதுகாக்கப்பட்ட இனம். மைனா காப்பித்தூள் நிறம், கருந்தலை, பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு. நாய்ஸி மைனரும் சிறு பறவைகளை விரட்டியடிப்பதில் சளைத்ததில்லை. 2014இல் மத்திய அரசே அதன் அடாவடியை ஒரு முக்கிய அச்சுறுத்தலாகப் பட்டியலில் சேர்த்தது. வேடிக்கைதான்; ஆனாலும் அதைத் தொட உனக்கு உரிமை கிடையாது.

இன்னொன்று. நீ சொல்லவில்லை, ஆனால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே இந்தப் பறவையைப் பலர் இந்தியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் யாராவது உன்னைப் பார்த்துக்கொண்டே ஒரு ஜோக் அடிப்பார். நீ சிரிக்கவும் வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம். ஆனால் நோட்டீஸ் எழுதும் பொறுப்பை நீ எடுத்துக்கொள். படையெடுப்பு, அழுக்கு, திருப்பி அனுப்பு போன்ற பேச்செல்லாம் அதில் வராமல் பார்த்துக்கொள். பொந்து, முட்டை, ரொசெல்லா, எண்ணிக்கை, இவை போதும். வெறுப்பைக் கிளப்பிச் சேர்த்த கூட்டம் முதல் கோடையோடு கலைந்துவிடும், வெறுப்பு மட்டும் தெருவில் தங்கிவிடும்.

நம் பக்கத்துப் பறவை என்பதற்காக நீ தயங்கவும் வேண்டாம். உலகில் மிக மோசமாகப் பரவிய 100 உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பறவை மூன்றுதான்: மைனா, நம் வீட்டுக் கொண்டைக்குருவி, ஐரோப்பிய ஸ்டார்லிங். மூன்றில் இரண்டு நம் கொல்லைப்புறத்தில் திரிபவை. நம் காக்கையும் இதில் சேர்த்திதான். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழு தின்ன வேண்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கிளைத்துப் பரவி, பின்னாளில் ஊராட்சிகள் துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுடும் நிலைக்கு வந்தது. தோட்டத்துக்குப் பூச்சி பிடிக்க என்று கூட்டிப்போகப்பட்ட கதை எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலையில் மைனா குரல் கேட்டால் எனக்கு இன்றும் ஊர் நினைவு வரும். வரட்டும். பொந்து ரொசெல்லாவுடையது.

ஆகஸ்ட் பிறந்தால் மைனா இணை சேர்ந்து பொந்து பார்க்கக் கிளம்பிவிடும். அதற்குள் உனக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஜூன் முடிய எண்ணு, ஜூலையில் கூண்டை இறக்கு. கீழறைக் கதவைச் சரிசெய்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு, மே மாதக் கணக்கையும் கட்டாயம் அனுப்பு. எந்தப் பறவையையும் விட்டுவிடாமல் எழுதி.

அன்புடன்,
அத்தை